மேடைக்கு வராதவனின் ஜாடி

போத்தியா, கலிம்னோஸ் தீவு
12 மே 1958

அன்புள்ள அண்ணன் ஸ்கேவோசுக்கு,

முதலில் உன் சுகம் கேட்கிறேன். எங்களைக் கேட்டால், கடவுள் புண்ணியத்தில் இருவரும் சுகம் என்று எழுதுவேன். இந்த முறை இருவரில் ஒருத்தி மட்டுமே வீட்டில் இருக்கிறேன்.

ஈஸ்டர் முடிந்து இரண்டு வாரத்தில் கடற்பஞ்சுப் படகுகள் லிபியாவுக்குக் கிளம்பின. தம்பி சகெல்லாரியும் போய்விட்டான். கேப்டன் மிக்கேயின் படகு. இதுவரை கரையோரத்தில் மூச்சடக்கி முங்கியவன், இப்போது இரும்புத் தலைக்கவசம் மாட்டி ஆழத்துக்கு இறங்கப் போகிறான். அந்த உடுப்பைப் போடவே மாட்டேன் என்று குளிர்காலம் முழுக்கச் சாதித்தவன்தான்.

என்னால்தான் மனம் மாறினான் என்று நினைக்கிறேன். எனக்குச் சீதனமாக நீங்கள் இருவரும் எழுப்புகிற கல்யாண வீட்டுக்குச் சுவரும் கூரையும் வந்துவிட்டன, ஜன்னல்கள் மட்டும் வெறும் ஓட்டைகளாக நிற்கின்றன. ஒருநாள் மழைச்சாரல் உள்ளே அடித்தபோது, "இந்த ஜன்னலுக்குக் கதவு வந்துட்டா நிம்மதி" என்று சொன்னேன். அவ்வளவுதான் சொன்னேன். பக்கத்து வீட்டு மரூக்லா வாசலில் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள், அவள் காதிலும் விழுந்தது. நாலு நாள் கழித்து, "மிக்கேகிட்ட பேர் குடுத்துட்டேன் அக்கா" என்று வந்து நிற்கிறான்.

ஒரு நிம்மதி, அவன் இறங்கும்போது படகில் நின்று அவனுக்குக் கயிறு பிடிக்கப் போகிறவர் என் நொமிகோஸ். மாப்பிள்ளையாகப் போகிறவர் கையில் மச்சானின் கயிறு.

ஈஸ்டர் வாரத்தில் அவன் பெயருக்கு உன் கடிதம் ஒன்று வந்தது. வாசித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். "என்னடா எழுதியிருக்கான்?" என்றால், "ஒண்ணுமில்லக்கா, அங்க வெயில் ஜாஸ்தியாம்" என்கிறான். அண்ணனும் தம்பியும் அப்படி என்ன ரகசியம் பேசுகிறீர்கள்?

உன்னை முத்தமிடும் தங்கை,
செவஸ்தி

---

டார்பன் ஸ்பிரிங்ஸ், ஃபுளோரிடா
3 ஜூன் 1958

அன்புத் தங்கை செவஸ்திக்கு,

நான் சுகம். உன் சுகத்துக்கு வேண்டிக்கொள்கிறேன்.

இங்கே உண்மையிலேயே வெயில் அதிகம். காலையிலிருந்து சாயங்காலம் வரை கிடங்கில் உட்கார்ந்து, யாரோ முங்கி எடுத்து வந்த கடற்பஞ்சைக் கத்தரிக்கோலால் உருண்டையாக நறுக்குகிறேன். இடுப்பு விட்டுப் போகிறது. கடலைப் பார்த்து வாரக்கணக்கு ஆகிறது.

சகெல்லாரியைப் பற்றிக் கவலைப்படாதே. இருபத்திரண்டு வயது ஆம்பிளை. அந்த வயதில் அப்பா நாற்பது பாகம், நாற்பது ஆள் ஆழம், இறங்கியிருக்கிறார். மிக்கே முன்கோபிதான், ஆனால் கடல் தெரிந்தவன். நொமிகோசின் கையும் நல்ல கை. அக்டோபரில் உனக்கு ஜன்னல் கதவு வந்துவிடும். நீலம் அடி, பச்சை வேண்டாம்.

இந்த வருஷம் நான் எதிர்பார்த்த அளவு அனுப்ப முடியவில்லை. காரணம் பிறகு எழுதுகிறேன்.

அன்புடன்,
ஸ்கேவோஸ்

---

போத்தியா
9 ஜூலை 1958

அண்ணா,

சுகம் கேட்டு எழுதக் கை வரவில்லை.

தந்தி வந்தது. சகெல்லாரி ஜூன் 24 அன்று லிபியாவில், டெர்னாவுக்கு வெளியே கடலில் இறந்துவிட்டான். அங்கேயே கரையில் மணலில் புதைத்துவிட்டார்களாம். அவ்வளவுதான் தந்தியில் இருந்தது.

கறுப்பு உடுத்திவிட்டேன். பாதிரியார் வந்துவிட்டுப் போனார். மரூக்லா ரொட்டி கொண்டுவந்தாள், சாப்பிட்டேன். அழுகை வரவில்லை. எல்லாரும் என் முகத்தையே பார்க்கிறார்கள், எனக்கும் வரவேண்டும் என்றுதான் இருக்கிறது.

செவஸ்தி

---

டார்பன் ஸ்பிரிங்ஸ்
28 ஆகஸ்ட் 1958

அன்புத் தங்கைக்கு,

இத்தனை நாள் எழுதாததற்கு மன்னித்துவிடு. ஐந்தாறு முறை எழுதி ஐந்தாறு முறை கிழித்தேன். நீ சாப்பிடுகிறாயா? தூங்குகிறாயா?

எனக்கு ஒன்று மட்டும் தெரிய வேண்டும். யார் செய்த தப்பு இது? எத்தனை பாகத்தில் இறக்கினார்கள்? எத்தனை நிமிஷம் விட்டார்கள்? அந்த மிக்கேயைத் துறைமுகத்திலேயே கல்லால் அடிக்க வேண்டும். மற்ற படகுகளை முந்த வேண்டும் என்று பிள்ளைகளை அடியில் வைத்து அழுத்துகிறவன் அவன், ஊருக்கே தெரியும். நொமிகோஸ் மட்டும் என்ன செய்துகொண்டிருந்தான்? கையில் இருந்தது கயிறா, ஜெபமாலையா? அவனைக் கட்டிக்கொள்வதைப் பற்றி நீ யோசிக்க வேண்டும். மூத்தவனாக இருந்து சொல்கிறேன்.

சகெல்லாரியின் பெட்டி படகில் திரும்பி வருமா? வந்தால் யார் திறப்பார்கள்? நான் வரும்வரை அப்படியே வைத்திருந்தாலும் நல்லதுதான்.

உன் அண்ணன்,
ஸ்கேவோஸ்

---

போத்தியா
19 அக்டோபர் 1958

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் இருக்கிறேன். நீயும் நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

படகுகள் வந்துவிட்டன. துறைமுகத்தில் மேளதாளம், கட்டிப்பிடிப்பு எல்லாம் வழக்கம்போல். மிக்கேயின் படகிலிருந்து கடைசியாக இறங்கியவர் நொமிகோஸ். என்னைப் பார்த்ததும் படகு கட்டும் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். நீ கேட்டதையெல்லாம் நான் அவரிடம் கேட்டேன். அவர் சொன்னபடியே எழுதுகிறேன்.

"முப்பத்தஞ்சு பாகம். நேரமாச்சு, தூக்கறேன்னு சொன்னேன். மிக்கே கடிகாரத்தப் பாத்துட்டு, 'இன்னும் கொஞ்சம் விடு'ன்னாரு. சரின்னு கயித்தக் கொஞ்சமா ஆட்டிப் பாத்தேன். கீழ இருந்து ரெண்டு இழுப்பு வந்துது செவஸ்தி. ரெண்டு இழுப்புன்னா 'விடு, இருக்கேன்'னு அர்த்தம். அவனே குடுத்தான். அப்பறம் ஒரு இழுப்பு வந்துது, தூக்குன்னு. தூக்கினேன். வெளிய வந்து தலைக்கவசத்தக் கழட்டினதும் சிரிச்சான், 'கூடை ரொம்பிடுச்சு'ன்னான். ஒரு சிகரெட் கேட்டான். ஆழத்துல அதிக நேரம் இருந்தவங்களுக்கு வர வாதம்தான், சிகரெட் பாதி எரியறதுக்குள்ள காலு போச்சு, இடுப்பு போச்சு."

"உங்க தப்பா?" என்று கேட்டேன்.

"என் கையிலதான கயிறு இருந்துது" என்றார்.

பெட்டி வந்தது. நான்தான் திறந்தேன், வேறு யார் திறப்பார்கள்? இரண்டு சட்டை, சவரக் கத்தி, அப்பாவின் பெல்ட், எனக்கென்று எடுத்து வைத்திருந்த தேன்கூடு மாதிரியான ஒரு பஞ்சு. மற்றபடி எழுதும்படியாக ஒன்றும் இல்லை.

கிளெயான்தி டீச்சர் வந்திருந்தார். நவம்பரில் வழக்கம்போல் கிணறு நாடகம். இந்த வருஷம் ஊரில் புதிதாகக் கறுப்பு உடுத்தியவள் நான் ஒருத்திதான், அதனால் செவிலி வேஷம் எனக்கு. நீ போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது, கதை நினைவிருக்கிறதா? ஊரில் கொள்ளைநோய். கிணற்றை மூடி, திறப்பவருக்குச் சாவு என்று ராஜா சத்தியம் செய்கிறான். ராஜாவின் மகளை வளர்த்த செவிலி, படுக்கையில் கிடந்தபடி, "தாகமாக இருக்கிறது" என்கிறாள். அவளுக்கு அது ஒரே ஒரு வசனம். ராஜாவின் மகள் போய்க் கிணற்றைத் திறக்கிறாள். காவல்காரன் பார்த்தும் பாராமல் விடுகிறான், பிறகு பயந்துபோய் ராஜாவிடம் சொல்லிவிடுகிறான். மகள் சாகிறாள்.

துக்க வீட்டுப் பெண்ணுக்கு அது சுலபமான வேஷம் என்றார் டீச்சர். "சும்மா படுத்திருந்தா போதும் செவஸ்தி. உடுப்பு கூட உன்கிட்டயே இருக்கு." எனக்குச் சிரிப்பு வந்தது. ஜூனுக்குப் பிறகு முதல் சிரிப்பு.

அன்புடன்,
செவஸ்தி

---

போத்தியா
24 நவம்பர் 1958

அன்புள்ள அண்ணனுக்கு,

உன்னிடமிருந்து பதில் இல்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே? தபால்காரரை வழிமறித்துக் கேட்டேன். "அமெரிக்காவுல பேனா தீந்துபோச்சோ என்னவோ" என்று கேலி செய்தார்.

நாடகம் முடிந்தது. சென்ற ஞாயிற்றுக்கிழமை மதியம், பள்ளிக்கூட முற்றத்தில். நான் படுத்திருந்தேன். "தாகமாக இருக்கிறது" என்று சொன்னேன். நன்றாகச் சொன்னேன் என்றார் டீச்சர். ராஜாவாக நடித்த ரொட்டிக்கடைக்காரர் மகளின் பிணத்துக்கு முன் அழுது முற்றத்தையே அழவைத்தார். என் கண்தான் காய்ந்து கிடந்தது.

பிறகு தீர்ப்பு. ராஜா, காவல்காரன், மகள், செவிலி என்று நாலு பேர் காலடியிலும் மண் ஜாடி வைத்தார்கள். வந்தவர்கள் ஆளுக்கொரு கறுப்பு அவரைக்கொட்டையோடு வரிசையில் நின்றார்கள், யார் மேல் குற்றமோ அவர் ஜாடியில் போட. வருஷா வருஷம் ராஜாவின் ஜாடிதான் நிறையும், மிஞ்சியது காவல்காரனுக்கு. மகளுக்கு ஒன்றிரண்டு விழும். செவிலிக்கு விழாது. கறுப்பு உடுத்தியவளுக்கு ஊர் காட்டுகிற மரியாதை அது.

முதல் கொட்டையை மரூக்லா போட்டாள். என் ஜாடியில். என் முகத்தைப் பார்க்கவில்லை. அடுத்தவள் என் ஜாடியில். அடுத்தவனும். பின்னால் வரிசையில் ஒருத்தி சொன்னது நன்றாகவே காதில் விழுந்தது: "ஜன்னலுக்குக் கதவு வேணுமாம்ல, கதவு! இப்ப நல்லாக் காத்து வாங்கட்டும்." ராஜா குனிந்து தன் ஜாடிக்குள் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். டீச்சர் எழுந்து, "ஜனங்களே, நாடகத்தப் பத்தி யோசிச்சுப் போடுங்க" என்றார். யாரும் கேட்கவில்லை. கொட்டை விழும் சத்தம் மட்டும் டக், டக் என்று. மிக்கேயும் வந்தார். அவர் மட்டும் ராஜாவின் ஜாடியில் போட்டார்.

மறுநாள் காலை வழக்கப்படி ஊற்றடியில் நான் குடத்தோடு நின்றேன். குற்றம் விழுந்தவர் தண்ணீர் ஊற்ற, ஊரார் வந்து அவர் கையால் குடித்துவிட்டால் எல்லாம் தீர்ந்தது. ரொட்டிக்கடைக்காரர் ஊற்றுகிற வருஷங்களில் குழந்தைகள் முண்டியடித்து வருவார்கள். எனக்கு யாரும் வரவில்லை. கடைசியில் மிக்கேயின் மனைவி வந்தாள். இரண்டு குவளை குடித்தாள். பிறகு நொமிகோஸ் வந்தார். "கயிறு என் கையில, கொட்டை உன் ஜாடியில. இந்த ஊருக்குக் கண்ணு அவிஞ்சுபோச்சா?" என்று தெருவே கேட்கக் கத்தினார். "கத்தாதீங்க, குடிங்க" என்றேன். குடித்தார். உச்சிவெயில் வரை நின்றுவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

வலித்ததா என்று நீ கேட்கலாம். கை மரத்துப்போனால் ஊசி குத்துவது தெரியும், வலி தெரியாது. அப்படித்தான் இருந்தது.

செவஸ்தி

---

டார்பன் ஸ்பிரிங்ஸ்
8 ஜனவரி 1959

அன்புத் தங்கைக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. வேலை அதிகம்.

உன் கடிதத்தைக் கிடங்கில் வைத்து வாசித்தேன், பிறகு பஞ்சு வெட்ட முடியவில்லை. என்ன ஊர் அது! ஒரு ஜன்னலைப் பற்றிப் பேசினால் கொலையா? நான் அங்கே இருந்திருந்தால் அத்தனை ஜாடிகளையும் உடைத்திருப்பேன். மரூக்லாவிடம் சொல், அவள் புருஷன் கதை எனக்கும் தெரியும் என்று.

முந்தாநாள் திருமுழுக்குப் பண்டிகை. இங்கே பாதிரியார் சிலுவையைத் தண்ணீரில் எறிவார், பையன்கள் குதித்து எடுப்பார்கள். ஐம்பது பையன்கள் ஒன்றாகக் குதித்தார்கள். நான் பார்க்க முடியாமல் முதுகைத் திருப்பிக்கொண்டேன். சிலுவையை எடுத்தவனை ஊர்வலமாகத் தூக்கிக்கொண்டு போனார்கள். யாரோ என் தோளில் தட்டி, "என்ன ஸ்கேவோஸ், கண்ணுல உப்புத்தண்ணி பட்டுடுச்சா?" என்றான்.

ஒன்று யோசித்தேன். கிணறு நாடகத்தில் ராஜாவுக்கு ஒரு மூத்த மகன் உண்டு அல்லவா? ஆற்றிலிருந்து தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று வாக்குக் கொடுத்துப் போனவன். "இன்னும் வரவில்லையே" என்று மகள் ஒருமுறை சொல்வாள். அவன் வந்திருந்தால் கிணற்றையே திறக்க வேண்டியிருந்திருக்காது. அவனுக்கு ஏன் ஜாடி வைப்பதில்லை? டீச்சரிடம் கேட்டுப் பார். சும்மா தோன்றியது, கேட்கிறேன்.

ஸ்கேவோஸ்

---

போத்தியா
30 ஜனவரி 1959

அன்புள்ள அண்ணனுக்கு,

சுகம் என்று எழுதியிருக்கிறாய், சந்தோஷம். இங்கே ஒரு வாரமாகத் தெற்குக் காற்று. ஜன்னல் ஓட்டைகளுக்கு நொமிகோஸ் பலகை அடித்துவிட்டார். வீட்டுக்குள் பகலிலும் இருட்டு.

டீச்சரிடம் கேட்டேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு சொன்னார்: "மேடைக்கே வராதவனுக்கு எப்படி ஜாடி வைக்கறது? அவன் மொகத்த யாரும் பாக்கலையே. மொகம் தெரியாதவன் மேல கொட்டை போட ஜனங்களுக்குக் கை வராது. அவன் ஒரு தடவ வந்து நின்னிருந்தா வச்சிருப்பேன்."

எழுந்து போகும்போது திரும்பிப் பார்த்து, "இத யாரு கேட்டா?" என்றார். "சும்மா தோணுச்சு டீச்சர்" என்றேன்.

கல்யாணம் தள்ளிப் போகிறது. கொட்டை விழுந்தவளைக் கட்டினால் கயிறு பிடிக்க யாரும் கூப்பிட மாட்டார்கள் என்று நொமிகோசின் அம்மா பயப்படுகிறாள். அவர் பிடிவாதமாகத்தான் இருக்கிறார். அவரை நான் கட்டினால் இருவரும் இந்த ஊரோடு மல்லுக்கட்டி வாழ வேண்டும், கட்டாவிட்டால் நான் தனியாக. இரண்டையும் நினைத்துப் பார்க்கிறேன், இரண்டும் ஒன்று போலவே இருக்கின்றன.

அண்ணா, எனக்கு எழுத வேண்டியது வேறு ஏதாவது உன்னிடம் இருந்தால் எழுது. தவக்காலம் வரப்போகிறது, செய்த பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்கிற காலம். இல்லாவிட்டால் சுகம் என்று ஒரு வரி போதும்.

செவஸ்தி

---

டார்பன் ஸ்பிரிங்ஸ்
2 மார்ச் 1959

செவஸ்தி,

இதையும் கிழிப்பதற்குள் அனுப்பிவிடுகிறேன்.

போன வருஷம் பிப்ரவரியில் எனக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. பெயர் எட்னா. நம்மவள் இல்லை, மீன் பதப்படுத்துகிற இடத்தில் வேலை பார்த்தவள். அப்போதே வயிற்றில் பிள்ளை. தங்கையை வீட்டில் குடியேற்றாமல் அண்ணன்காரன் கல்யாணம் பண்ணிக்கொண்டான் என்று ஊர் சொல்லும். அதை உன்னிடம் எப்படிச் சொல்வேன்? அதனால் தம்பியிடம் சொன்னேன்.

ஈஸ்டருக்கு அவனுக்கு வந்த கடிதம் அதுதான். வெயிலைப் பற்றி அதில் ஒரு எழுத்துகூட இல்லை. எழுதியது எனக்கு மனப்பாடம். "எனக்குக் குடும்பம் ஆகிவிட்டது, இனி வீட்டுக்கு என்னால் முடியாது. இனி உன் முறை. கரையோரத்தில் முங்கி ஜன்னல் வராது, உடுப்பைப் போடு. பயமாக இருக்கிறது என்று சொல்லாதே, அப்பாவுக்கும் பயம் இருந்தது. அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது, சத்தியம்." சத்தியம் என்று நான்தான் எழுதினேன். அவன் சத்தியத்தைக் காப்பாற்றிவிட்டான்.

நீ ஜன்னலைப் பற்றிச் சொன்னதால் அவன் போகவில்லை. நான் சொல்லித்தான் போனான். ரெண்டு இழுப்பு கொடுத்தானே, அதையும் நான்தான் கொடுக்க வைத்தேன். உன் ஜாடியில் விழுந்தவை என்னுடைய கொட்டைகள். முதல் கடிதத்திலேயே நீ, என்னால்தான் போனான் என்று எழுதியிருந்தாய். அதை வாசித்தபோது எனக்கு ஆறுதலாக இருந்தது. இதைவிடக் கேவலமான ஒன்றை நான் என்னைப் பற்றி எழுத முடியாது.

செப்டம்பரில் ஆண் குழந்தை பிறந்தது. சகெல்லாரி என்று பெயர் வைத்தேன். எட்னாவுக்கு வாயில் நுழையவில்லை, "சாக்" என்று கூப்பிடுகிறாள்.

நீ பதில் எழுதாவிட்டால் புரிந்துகொள்வேன்.

ஸ்கேவோஸ்

---

போத்தியா
28 மார்ச் 1959

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் சுகத்தையும், எட்னாவின் சுகத்தையும், பிள்ளையின் சுகத்தையும் கேட்கிறேன். நான் சுகம். இப்படி எழுதிப் பத்து மாதம் ஆகிறது.

உன் கடிதத்தில் எனக்குப் புதிதாக இருந்தவை இரண்டு பெயர்கள்தான், எட்னாவின் பெயரும் பிள்ளையின் பெயரும்.

மற்றது அக்டோபரிலேயே எனக்குத் தெரியும். பெட்டியில் இருந்த இரண்டு சட்டைகளில் ஒன்றின் பையில் நீ எழுதியது இருந்தது. உப்பு ஏறி விறைத்துப்போயிருந்தது. மடிப்பு மடிப்பாகப் பிரித்து வாசித்தேன். எழுதும்படியாக ஒன்றும் இல்லை என்று உனக்கு எழுதினேன். நீ எழுத வேண்டியதை நான் எழுதக் கூடாது என்று நினைத்தேன்.

அதைத் தெரிந்துகொண்டுதான் மேடையில் படுத்தேன். கொட்டைகள் விழ விழ, இவை வீடு மாறி வந்துவிட்டன என்று சொல்லிக்கொண்டேன். எழுந்து நின்று உன் கடிதத்தை வாசித்துக் காட்டியிருக்கலாம், ஜாடியைக் கவிழ்த்துவிட்டு வீட்டுக்கு வந்திருக்கலாம். வாசிக்கவில்லை. உன் மேல் இரக்கத்தால் இல்லை அண்ணா, தப்பாக நினைக்காதே. உன்னை வெறுத்தேன். ரொட்டி சாப்பிடுகிற மாதிரி, தினமும், பசிக்கிறதோ இல்லையோ வெறுத்தேன். ஆனால் நான் வாசித்தால் நீ பிடிபட்டவன் ஆவாய். அப்புறம் ஆயுசுக்கும் நீயாகச் சொல்ல வழியில்லை. எனக்கு அண்ணன் என்று மிச்சம் இருப்பவன் நீ ஒருவன். அவன் எப்படிப்பட்டவன் என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. ஜனவரியில் மூத்த மகனுக்கு ஏன் ஜாடி இல்லை என்று கேட்டாயே, அன்றைக்குத்தான் நீ வந்துகொண்டிருக்கிறாய் என்று தெரிந்தது. ரொம்ப மெதுவாக நடக்கிறவன் நீ.

எல்லாம் உன்னுடைய கொட்டைகள் என்று மொத்தமாக அள்ளிக்கொள்ளவும் வேண்டாம். ஜன்னலைப் பற்றி நான் சொன்னேன். மிக்கே கடிகாரத்தைப் பார்த்தார். நொமிகோசின் கையில் கயிறு இருந்தது. ரெண்டு இழுப்பு அவனே கொடுத்தான். அந்த மூத்த மகனும் வரவில்லை. பங்கு போட்டுப் பார்த்துக் களைத்துப்போனேன். எப்படிப் போட்டாலும் அவன் டெர்னா மணலில்தான் கிடக்கிறான்.

நேற்று உன் கடிதத்தை நொமிகோசிடம் வாசித்துக் காட்டினேன். கடைசிவரை தலை தூக்காமல் கேட்டார். பிறகு, "பாவி, எட்டு மாசம் எப்பிடித் தூங்கினான்?" என்றார். ஜன்னலில் அடித்த பலகையை ஒன்று மட்டும் பிடுங்கிவிட்டுப் போனார். வெளிச்சம் உள்ளே விழுந்தது. அப்போது அழுதேன். மரூக்லா வேலி வழியாக எட்டிப் பார்க்கிற அளவுக்குச் சத்தம் போட்டு அழுதேன்.

டீச்சர் சொன்னதை உனக்கு எழுதியிருந்தேன், மேடைக்கு வராதவனுக்கு ஜாடி கிடையாது. நீ வா. எட்னாவைக் கூட்டிக்கொண்டு வா. பிள்ளையை அவள் சாக் என்றே கூப்பிடட்டும், முழுப் பெயரை நான் சொல்லித் தருகிறேன். ஊர் என்ன சொல்லும் என்று கேட்காதே. சொல்லும். மூத்தவன் தண்ணீர் கொண்டுவராமல் போனவன் என்று முகத்துக்கு நேராகவே சொல்லும். நீ நின்று கேட்டுக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகு குடத்தை எடுத்துக்கொண்டு ஊற்றடியில் நில். நவம்பர் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

உன் கையால் குடிக்க முதலில் நான் வருவேன். எனக்குப் பின்னால் யாராவது வருவார்களா என்று தெரியாது.

சீக்கிரம் வா, அண்ணா. எனக்குத் தாகமாக இருக்கிறது.

செவஸ்தி